ஒரு லிட்டரில் ஆறரை பெக்கரல்

2011 ஜூலை 27 அன்று ஜப்பான் நாடாளுமன்றக் கீழவையின் சுகாதாரக் குழு முன்பு டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் தட்சுஹிகோ கொடாமா சாட்சியம் அளித்தார். ஃபுகுஷிமா அணு உலைக் கட்டடங்கள் வெடித்து நான்கரை மாதம் ஆகியிருந்தது. அரசு மீதான கோபத்தில் அவர் குரல் உடைந்ததைப் பலரும் காணொளியில் பார்த்திருப்பார்கள். அந்தப் பேச்சின் நடுவே, 1986 செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு உக்ரைனில் நடந்த ஓர் ஆய்வை அவர் எடுத்துக் காட்டினார். சிறுநீரில் லிட்டருக்கு 6 பெக்கரல் அளவே (நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல்) சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் இருந்தவர்களின் சிறுநீர்ப்பையில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் தெரிந்தன என்பது அதன் சாரம். அதே சமயத்தில் ஃபுகுஷிமா நகரக் குழந்தைகள் 10 பேரின் சிறுநீரைப் பிரான்ஸின் அக்ரோ என்ற தன்னார்வ ஆய்வகம் சோதித்து, பத்து பேரிடமும் சீசியம் இருப்பதாகச் சொல்லியிருந்தது. அளவு லிட்டருக்கு ஒரு பெக்கரலை ஒட்டி இருந்தது. பெற்றோர் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பார்க்காமல் எப்படி இருக்க முடியும்?

அந்த 6 என்ற எண், துல்லியமாகச் சொன்னால் 6.47, அதன்பிறகு ஒரு வரம்புக்கோடு போலவே உலவுகிறது. அணு உலைகளை எதிர்ப்பவர்கள் அதை நிரூபணம் என்கிறார்கள், ஆதரிப்பவர்கள் அபத்தம் என்று ஒதுக்குகிறார்கள். இரண்டு பேரும் ஒரு வேலையை மட்டும் செய்வதில்லை: அந்த எண்ணை எடுத்து, அது சிறுநீர்ப்பைச் சுவருக்கு எவ்வளவு கதிர்வீச்சைக் கொடுக்கும் என்று கூட்டிக் கழித்துப் பார்ப்பது. பள்ளிக்கூடக் கணிதம்தான் அது. அரைப்பக்கம் போதும்.

வெட்டியெடுத்த துண்டுகள்

முதலில் ஆய்வுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். கீவ் நகரச் சிறுநீரியல் நிறுவனத்தின் நோய்க்குறியியல் நிபுணர் அலினா ரொமனென்கோவும், ஜப்பானிய நோய்க்குறியியலாளர் ஷோஜி ஃபுகுஷிமாவும் பல ஆண்டுகள் சேர்ந்து செய்த வேலை இது. (ஷோஜி ஃபுகுஷிமாவின் பெயருக்கும் விபத்து நடந்த ஊருக்கும் தொடர்பில்லை. 2011க்கு வெகு முன்பே இந்த ஆய்வுகள் வெளிவந்துவிட்டன.) புராஸ்டேட் வீங்கி சிறுநீர் அடைபட்ட ஆண்களுக்கு அப்போது உக்ரைனில் அடிவயிற்றைத் திறந்து, சிறுநீர்ப்பைக்குள் விரலை விட்டு வீங்கிய பகுதியைத் தோண்டி எடுக்கும் பழைய அறுவை வழக்கத்தில் இருந்தது. சிறுநீர்ப்பை எப்படியும் திறந்திருப்பதால் அதன் உள்சவ்விலிருந்து சிறு துண்டுகளை எடுக்க முடிந்தது. புற்றுநோய் இல்லாதவர்களின் சிறுநீர்ப்பைத் திசு இப்படிச் சுலபமாகக் கிடைப்பது அரிது. அந்த வாய்ப்பை அவர்கள் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழு, சதுர கிலோமீட்டருக்கு 5 முதல் 30 கியூரி சீசியம் படிந்த மண்ணில் வாழ்ந்தவர்கள். சதுர மீட்டர் கணக்கில் இது 185 முதல் 1,110 கிலோபெக்கரல். இரண்டாவது குழு, குறைவாகப் படிந்த கீவ் நகரத்தார். மூன்றாவது, படியாத பகுதியினர். 2003இல் வெளியான தாளில் மூன்று குழுவும் சேர்ந்து 131 பேர். படியாத பகுதியிலிருந்து வந்தவர்கள் 23 பேர் மட்டுமே. சிறுநீரில் சீசியம்-137 சராசரியாக லிட்டருக்கு முறையே 6.47, 1.23, 0.29 பெக்கரல். முதல் இரண்டு குழுக்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் ஒருவித நாட்பட்ட அழற்சியும், அதனோடு 'கார்சினோமா இன் சைட்டு' என்று அவர்கள் வகைப்படுத்திய மாற்றமும் தெரிந்தன. சவ்வின் மேலடுக்கிலேயே தங்கியிருந்து இன்னும் கீழே இறங்காத புற்றுநோய்க்கு அந்தப் பெயர். டிஎன்ஏ பழுதைக் காட்டும் குறிகள், செல் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் பி53 புரதத்தின் குவிப்பு, ஆக்சிஜனேற்ற அழுத்தம் எல்லாம் அந்தத் திசுக்களில் கூடுதலாக இருந்தன. இந்த மொத்தச் சித்திரத்துக்கும் 'செர்னோபில் சிஸ்டைட்டிஸ்', அதாவது செர்னோபில் சிறுநீர்ப்பை அழற்சி, என்று பெயர் வைத்தார்கள்.

நுண்ணோக்கியில் அவர்கள் கண்டதை நான் சந்தேகிக்கவில்லை. அதற்கும் 6.47க்கும் இடையே போடப்பட்ட கோடுதான் உறுத்துகிறது.

சிறுநீர்ப்பை ஏன் சந்தேகத்துக்குரிய உறுப்பு

கதிர்வீச்சு பற்றிய பேச்சில் தைராய்டும் எலும்பு மஜ்ஜையும் முன்னால் வந்து நிற்கும், சிறுநீர்ப்பை பின்னால் ஒதுங்கிவிடும். அப்படி ஒதுக்கக் கூடாத உறுப்பு இது. உடலுக்குள் போன சீசியத்தில் ஏறக்குறைய 85 விழுக்காடு சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் வடிகட்டி அனுப்பியது மூன்று நான்கு மணிநேரம் சிறுநீர்ப்பையில் தேங்குகிறது. புராஸ்டேட் வீங்கியவர்களுக்கு முழுதாக வடியாமல் அதைவிட அதிக நேரம் தேங்கும். உள்சவ்வின் செல்கள் குடலில் உள்ளவை போல நாலைந்து நாளில் உதிர்ந்து புதிதாவதில்லை, மாதக்கணக்கில் இருக்கின்றன. பழுதுபட்ட செல் உதிர்ந்து தொலையாமல் அங்கேயே இருந்து பெருகுவதற்கு அவகாசம் அதிகம். சாயத் தொழிற்சாலைப் பணியாளர்களின் சிறுநீர்ப்பைக் கட்டிகளை ஜெர்மனி மருத்துவர் லுட்விக் ரெஹ்ன் 1895இலேயே கவனித்துச் சொன்னார். புகையிலையின் நச்சு, குடிநீரில் ஆர்செனிக் என இந்த உறுப்பைக் கெடுப்பவை பலவும் அதே வழியில்தான் வருகின்றன: ரத்தத்தில் கலந்து, சிறுநீரில் செறிந்து, பையில் தேங்கி.

கதிர்வீச்சும் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதற்கு வலுவான ஆதாரம் உக்ரைனிலிருந்து வந்ததல்ல, ஹிரோஷிமா, நாகசாகியிலிருந்து வந்தது. 1950இல் தொடங்கிய ஆயுட்கால ஆய்வில் சுமார் 1,20,000 பேரைப் பின்தொடர்ந்தார்கள். 1958 முதல் 1998 வரையிலான புற்றுநோய்ப் பதிவுகளை வைத்து 2007இல் வெளியான கணக்கில், திடக்கட்டிப் புற்றுநோய்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கிரே கதிர்வீச்சுக்கு (திசு உள்வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு கிரே) 47 விழுக்காடு கூடின. சிறுநீர்ப்பையில் மட்டும் அது 123 விழுக்காடு, அதாவது இரண்டு மடங்குக்கு மேல். (30 வயதில் கதிர்வீச்சுக்கு ஆளாகி 70 வயதை எட்டியவருக்கான எண்கள் இவை.) உறுப்புகளின் கூருணர்வுக்கு எடை போடும் பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையமும் 2007 பரிந்துரையில் சிறுநீர்ப்பைக்கு 0.04 என்ற எடையைக் கொடுத்திருக்கிறது. கல்லீரல், உணவுக்குழாய், தைராய்டு ஆகியவற்றுக்கும் அதே எடைதான். ஆகவே 'கதிர்வீச்சு சிறுநீர்ப்பையைத் தொடாது' என்று யாராவது சொன்னால் அது தவறு. எவ்வளவு கதிர்வீச்சு, எவ்வளவு கூடுதல் என்பதுதான் கேள்வி.

அரைப்பக்கக் கணக்கு

வயதுவந்த ஆண் ஒருவர் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் சிறுநீர் கழிக்கிறார் என்று கொள்வோம். லிட்டருக்கு 6.47 என்றால் நாளுக்கு 9.7 பெக்கரல் வெளியேறுகிறது. மலத்தில் போவதையும் சேர்த்தால் சுமார் 11.4. உடலில் சீசியம் கூடாமலும் குறையாமலும் ஒரே நிலையில் இருந்தால் உள்ளே வருவதும் அதே 11.4தான். வயதுவந்தவர் உடலில் சீசியம் பாதியாகக் குறைய ஏறக்குறைய 110 நாள் பிடிக்கும். 11.4ஐ 110ஆல் பெருக்கி 0.693ஆல் வகுத்தால் உடலில் எந்நேரமும் சுமார் 1,800 பெக்கரல் சீசியம் இருக்கிறது என்று வரும். ஆண்டுக்கு உட்கொள்ளும் மொத்தம் 4,160 பெக்கரல். உணவு வழியே போகும் ஒவ்வொரு பெக்கரலுக்கும் 0.000013 மில்லிசீவர்ட் (உடலுக்கு நேரக்கூடிய பாதிப்பைக் கணக்கில் கொண்ட அலகு) என்ற நிலையான கெழுவால் பெருக்கினால் ஆண்டுக்கு 0.054 மில்லிசீவர்ட்.

இது எவ்வளவு என்று தெரிய உக்ரைனின் பால் வரம்பைப் பக்கத்தில் வைக்கலாம். அங்கே விற்பனைக்கான பாலில் லிட்டருக்கு 100 பெக்கரல் வரை சீசியத்துக்கு அனுமதி உண்டு. நாளுக்கு 11.4 பெக்கரல் என்பது அந்த வரம்பில் இருக்கும் பாலில் 115 மில்லி, ஒரு டம்ளர் கூட இல்லை. அதே பாலை நாள்தோறும் ஒரு லிட்டர் குடிப்பவரின் சிறுநீரில் லிட்டருக்கு 55 பெக்கரலுக்கு மேல் வரும். 6.47இலேயே பாதிக்கும் மேற்பட்டோருக்குப் புற்றுநோய்க்கு முந்தைய நிலை என்றால், 55இல் என்ன ஆகியிருக்க வேண்டும்?

என் பார்வையை மாற்றியது அடுத்த வரி. நம் ஒவ்வொருவர் உடலிலும் சுமார் 140 கிராம் பொட்டாசியம் இருக்கிறது. ஒரு கிராம் இயற்கைப் பொட்டாசியத்தில் 31 பெக்கரல் பொட்டாசியம்-40 தானாகவே உண்டு. வாழைப்பழம், கீரை, பருப்பு, இளநீர் என்று தினமும் சாப்பிட்டு, தினமும் இரண்டரை கிராம் அளவுக்குச் சிறுநீரில் வெளியேற்றுகிறோம். ஒன்றரை லிட்டருக்கு வகுத்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 50 பெக்கரல். அதாவது, அந்த முதல் குழுவின் சிறுநீரில் சீசியத்தைப் போல எட்டு மடங்கு கதிரியக்கம் பொட்டாசியத்திலிருந்தே இருந்திருக்கிறது. படியாத பகுதி மனிதர்களிடமும் அதே 50. இதை எழுதும் என்னிடமும், வாசிக்கும் உங்களிடமும் அதே அளவுதான்.

'பெக்கரல் ஒன்றாக இருந்தாலும் ஆற்றல் வேறு' என்பது நியாயமான எதிர்க்கேள்வி. அதையும் போட்டுப் பார்க்கலாம். சிறுநீர்ப்பைச் சுவரின் உட்புறத்தை நேரடியாகத் தாக்குவது சிறுநீரிலிருந்து வரும் பீட்டா துகள்கள்தான். சீசியத்தின் பீட்டா நீரில் அதிகபட்சம் ஒன்றரை இரண்டு மில்லிமீட்டர் போகும், சுவரின் மேலடுக்கைத் தொட அது போதும். ஒரு சிதைவுக்கு சராசரி 0.25 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்று வைத்து, சுவருக்குப் பாதி மட்டும் போகும் என்று கணக்கிட்டால் 6.47 பெக்கரல் ஆண்டுக்கு 4 மைக்ரோகிரே கொடுக்கிறது. பொட்டாசியம்-40இன் பீட்டா ஆற்றல் இரு மடங்கு. அதன் 50 பெக்கரல் ஆண்டுக்கு 60 மைக்ரோகிரேக்கு மேல் கொடுக்கிறது. சீசியத்தின் காமா கதிர் உடல் முழுதிலிருந்தும் வருவதைச் சேர்த்தாலும் மொத்தம் சில பத்து மைக்ரோகிரே. அந்த அளவு சவ்வைப் புற்றுநோயின் வாசலுக்குக் கொண்டுபோகும் என்றால், பொட்டாசியம் மனித இனத்தையே எப்போதோ கொண்டுபோயிருக்கும்.

பெற்றோர்கள் 2011இல் செய்த ஒப்பீட்டுக்கும் இங்கே ஒரு பதில் இருக்கிறது. குழந்தைகளின் உடல் சீசியத்தை வேகமாக வெளியே தள்ளும். ஐந்து வயதுக் குழந்தையிடம் அது பாதியாக 30 நாள், ஒரு வயதில் 13 நாள். ஐந்து வயதுக் குழந்தை நாளுக்கு 600 மில்லி கழிக்கிறது என்றால், அதே 6.47க்கு உடலில் இருப்பது சுமார் 200 பெக்கரல்தான். கிலோவுக்குப் பார்த்தால் வயதுவந்தவரில் 26, குழந்தையிடம் 11. சிறுநீரின் ஒரே எண் இரண்டு உடலில் இரண்டு பொருள் தருகிறது. கொடாமாவின் கோபத்துக்கு எல்லா நியாயமும் இருந்தது. குழந்தைகளை அளக்காமல் விட்ட அரசின் மீது வேறு எப்படிப் பேசுவது? ஆனால் அந்த ஒப்பீடு தவறான இடத்தில் பயத்தை நட்டுவிட்டது.

அப்படியானால் அந்தத் துண்டுகளில் தெரிந்தது என்ன

6.47 ஒரு அடையாளம், கதிர்வீச்சு அளவல்ல. துண்டுகள் எடுத்த ஆண்டுகளில் சிறுநீரில் இருந்தது அவ்வளவு. 1986, 1987இல் அதே மனிதர்கள் குடித்த பாலும் தின்ற காளானும் பல மடங்கு சீசியம் கொண்டிருக்கும். வெளியே மண்ணில் படிந்தது அவர்களை ஆண்டுக்கணக்கில் காமா கதிரால் நனைத்தது. கதிரியக்க விளைவுகளை ஆராயும் ஐ.நா. அறிவியல் குழுவின் 2008 அறிக்கைப்படி சீசியம் படிந்த பகுதிகளில் வாழ்ந்த 64 லட்சம் பேருக்கு 20 ஆண்டுகளில் சராசரி 9 மில்லிசீவர்ட், வெளியேற்றப்பட்டோருக்கு 30ஐ ஒட்டி, சுத்திகரிப்பில் ஈடுபட்ட 5,30,000 பணியாளர்களுக்கு சுமார் 120. செறிவாகப் படிந்த ஊர்களில் தங்கிவிட்டவர்களுக்கு 50ஐத் தாண்டியது. ஆபத்தைப் பேச வேண்டிய இடம் இந்த எண்கள். சிறுநீரின் ஆறரை அல்ல.

இந்த எண்களாலும் பாதிக்கும் மேற்பட்டோரிடம் கார்சினோமா இன் சைட்டு வந்துவிடாது. அது உண்மையில் அத்தனை பேரிடம் இருந்திருந்தால், சிகிச்சை இல்லாத நிலையில் பாதிக்கு மேல் சில ஆண்டுகளில் தசைக்குள் இறங்கியிருக்கும். வடக்கு உக்ரைனின் ஒவ்வொரு கிராமத்திலும் வயதான ஆண்கள் சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் வரிசையாக விழுந்திருப்பார்கள். அப்படியோர் அலை பதிவாகவில்லை. எனவே அந்த வகைப்பாட்டில் கணிசமான பங்கு வேறு ஏதோ ஒன்று.

அது என்னவாக இருக்கும் என்பதற்கு சிறுநீர்ப்பைத் திசுவைப் பார்த்துப் பழகிய பேத்தாலஜிஸ்ட்டுகள் உடனே பதில் சொல்வார்கள். அடைபட்ட சிறுநீர், அதில் கிருமித்தொற்று, கல், வாரக்கணக்கில் கேத்தீட்டர் என்ற சிறுநீர் வடிகுழாய்: இவை ஒவ்வொன்றும் சவ்வின் செல்களை வீங்கவைத்து, அவற்றின் உட்கருவைப் பெரிதாக்கி, செல் பிளவுகளைக் கூட்டி, பி53ஐயும் ஓரளவு தூண்டிவிடும். எதிர்வினையாக வரும் மாற்றம், டிஸ்பிளேசியா என்ற பிறழ்ந்த செல் வளர்ச்சி, உண்மையான கார்சினோமா இன் சைட்டு ஆகிய மூன்றையும் பிரிக்கும் கோடு மெல்லியது. கண்ணாடிச் சில்லில் வைத்த ஒரே திசுவை இரண்டு நிபுணர்கள் இரண்டு விதமாகப் படிப்பது இந்த இடத்தில் அடிக்கடி நடக்கும். 1998இல் உலக அளவில் ஒரு பொது வகைப்பாட்டை உருவாக்க வேண்டி வந்ததற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது கிளறிவிட்ட பானைக்குப் பொருந்தும். இங்கே எடுத்த சோறு எல்லாம் அடிப்பிடித்த இடத்திலிருந்து. மூன்று குழுவும் புராஸ்டேட் நோயாளிகள்தானே, ஒப்பீடு சமம்தானே என்றால், எத்தனை நாள் கேத்தீட்டரோடு இருந்தார்கள், எவ்வளவு தாமதித்து மருத்துவமனைக்கு வந்தார்கள் என்பது காட்டோரக் கிராமத்திலும் நகரத்திலும் ஒன்றாக இருக்காது. படியாத பகுதிக்கு 23 பேர் என்ற சிறிய எண்ணிக்கை இந்த வேறுபாடுகளைத் தாங்காது.

புகை வேறு. அமெரிக்காவில் லட்சக்கணக்கானோரைப் பின்தொடர்ந்து 2011இல் வெளியான ஆய்வு, இப்போதும் புகைப்பவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வாய்ப்பு புகைக்காதவர்களைவிட நான்கு மடங்கு என்று காட்டியது. அதை ஹிரோஷிமா எண்ணோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். 50 மில்லிகிரேக்குக் கூடுதல் 6 விழுக்காடு, 120க்கு 15 விழுக்காடு (காமா கதிருக்கு மில்லிகிரேயும் மில்லிசீவர்ட்டும் ஏறக்குறைய ஒன்றே). ஒரு ஊரில் ஆண்களில் 60 விழுக்காடு புகைக்கிறார்கள், இன்னொரு ஊரில் 65 என்றால், அந்த ஐந்து புள்ளி வித்தியாசமே நோயை ஐந்து விழுக்காடு கூட்டிவிடும். 50 மில்லிகிரேயின் தடம் அதற்குள் புதைந்துபோகும். 6 விழுக்காட்டுக் கூடுதலைத் தற்செயலிலிருந்து பிரித்தறிய 2,000க்கு மேற்பட்ட புற்றுநோயாளிகள் வேண்டும், அதுவும் ஒவ்வொருவரின் புகைக்கணக்கும் கையில் இருந்தால். 131 பேர் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

கேரளத்தின் கருநாகப்பள்ளியை நம்மூரில் பலர் எடுத்துக்காட்டுவார்கள். அங்கிருந்து நம் மணவாளக்குறிச்சி வரை கடற்கரை மணலில் கதிரியக்கத் தோரியம் கலந்த மோனசைட் கனிமம் உண்டு. கருநாகப்பள்ளியில் 69,958 பேரைச் சராசரி பத்தரை ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2009இல் வந்தது. 1,379 புற்றுநோய்களில் கதிர்வீச்சால் கூடுதல் தெரியவில்லை. நல்ல ஆய்வு, ஆனால் அதைக் காட்டிச் சிறுநீர்ப்பைக்கு நற்சான்று கொடுக்கக் கூடாது. இந்தியாவில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் குறைவாக வருவது. அந்த 1,379இல் அதன் பங்கு கூடுதலைக் கண்டறியும் அளவுக்கு இருக்காது. 'தெரியவில்லை' என்பதை 'இல்லை' என்று மொழிபெயர்ப்பது 6.47ஐ வரம்பாக்குவதைப் போன்ற பிழைதான். மறுபுறம், பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா மூன்று நாட்டின் 3,09,932 அணுத்துறைப் பணியாளர்களைச் சேர்த்து 2023இல் வெளியான கணக்கு, சிறுகச் சிறுகப் பெற்ற கதிர்வீச்சுக்கும் திடக்கட்டிப் புற்றுநோய் மரணம் ஒரு கிரேக்கு 52 விழுக்காடு கூடுவதைக் காட்டியது. மெதுவாக வந்தால் பாதிப்பு குறையும் என்ற நம்பிக்கைக்கு அது பெரிய ஆதரவு தரவில்லை. குறைந்த அளவின் ஆபத்து சிறியது, ஆனால் பொய்யல்ல என்பதே என் நிலை.

அளக்கும் மேசையில்

சிறுநீரை அளப்பதே வீண் என்று இதிலிருந்து யாரும் முடிவுகட்ட வேண்டாம். ஒழுங்காக அளந்தால் அது மலிவான, ஊசி இல்லாத, நல்ல சோதனை. ஒழுங்காக அளப்பது அரிது என்பதுதான் சிக்கல்.

காலையில் ஒரு குப்பியில் பிடித்த சிறுநீர் போதாது. இரவு முழுதும் செறிந்தது என்பதால் எண் இரு மடங்காகக்கூட வரும். நிறையத் தண்ணீர் குடித்தவரிடம் பாதியாகும். 24 மணிநேரச் சிறுநீர் முழுதையும் சேர்க்க வேண்டும்: முதல் நாள் காலை எழுந்ததும் கழிப்பதை விட்டுவிட்டு, மறுநாள் காலை அதே நேரம் கழிப்பது வரை. இடையில் ஒரு முறை தவறினாலும் கணக்கு கெடும், அதைக் கண்டுபிடிக்கத்தான், தசையிலிருந்து நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறும் கிரியேட்டினினையும் சேர்த்து அளப்பது. லிட்டருக்குச் சில மில்லி நைட்ரிக் அமிலம் விட்டால் உப்பு படியாது. ஊற்றும் முன் குலுக்க வேண்டும். பிறகு நடுவில் குழிவுள்ள மரினெல்லி பாத்திரத்தில் இரண்டு லிட்டர் ஊற்றி, தடித்த ஈயக் கவசத்துக்குள், காமா கதிரை எண்ணும் ஜெர்மானியம் கருவியின் தலைமேல் கவிழ்த்த மாதிரி உட்காரவைப்பார்கள்.

திரையில் 661.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் எழும் கூர்மையான முனைதான் சீசியம்-137. கருவி நூறு காமாவில் இரண்டைப் பிடிக்கிறது என்றால், லிட்டருக்கு 6.47 பெக்கரல் ஒரு மணிநேரத்தில் 800 எண்ணிக்கை தரும், தெளிவாகத் தெரியும். 0.29 பெக்கரலோ மணிக்கு 36தான், பின்னணி இரைச்சலில் மூழ்கிவிடும். இரவு முழுக்க எண்ணினால்தான் தலைகாட்டும். அரைமணி நேரம் எண்ணிவிட்டு 'கண்டறியப்படவில்லை' என்று எழுதிக் கொடுப்பதும், அதைப் பூஜ்யம் என்று படிப்பதும் ஃபுகுஷிமாவுக்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் நடந்திருக்கும். கண்டறியும் எல்லை எவ்வளவு என்று எழுதாத அறிக்கைக்கு மதிப்பில்லை. விலை குறைந்த சோடியம் அயோடைடு கருவிகளில் இன்னொரு பொறி உண்டு: காற்றில் உள்ள ரேடானின் வாரிசான பிஸ்மத்-214 காட்டும் 609இன் மேடு அகன்று 662 வரை சாய்ந்து, இல்லாத சீசியத்தை இருப்பதாகக் காட்டும். மழை நாளில் காற்றோட்டமில்லாத அறையில் வைத்தால் நிச்சயம்.

அதே திரையில் வலது பக்கம் தள்ளி, 1,460.8இல், இன்னொரு முனை எப்போதும் நிற்கும். அது பொட்டாசியம்-40. சோதனையைச் சரிபார்க்க அதுவே உள்ளூர் அளவுகோல்: லிட்டருக்கு 40, 50 என்று வந்தால் சேகரிப்பு சரி, 10 என்று வந்தால் தண்ணீர் கலந்த மாதிரி. சீசியத்தின் எண்ணைக் கொடுக்கும் ஒவ்வோர் அறிக்கையும் அந்த எண்ணையும் கீழ்வரியில் அச்சிட்டிருந்தால், 2011இல் ஒரு தாயின் கையில் வந்த தாள் வேறு மாதிரி பேசியிருக்கும்.

மாடும், எழுபது வயதும்

வடக்கு உக்ரைனின் ரிவ்னெ பகுதிக் கிராமங்களில் மண் கரிச்சதுப்பு. சீசியத்தைப் பிடித்து வைக்கும் களிமண் அதில் இல்லை. புல் உறிஞ்சுகிறது, வீட்டு மாடு மேய்கிறது, பாலில் வருகிறது. விபத்து நடந்து 30 ஆண்டு ஆன பிறகும் அங்கே பால் மாதிரிகள் வரம்பைப் பல மடங்கு தாண்டியிருக்கின்றன. இதற்கு மருந்து எல்லோருக்கும் தெரிந்ததே: பிரஷ்யன் நீலம் கலந்த ஃபெரோசின் உருண்டையை மாட்டின் வயிற்றுக்குள் தள்ளினால் சீசியம் குடலிலேயே பிடிபட்டுச் சாணத்தோடு போய்விடும், பாலில் அளவு வெகுவாக இறங்கும். காசு ஒதுக்காததால்தான் அது நிற்கிறது. சிறுநீர்ப்பையைப் பற்றி உண்மையில் கவலைப்படுகிறவர்கள் அந்த உருண்டைக்காகக் குரல் கொடுக்கலாம். அங்குள்ள ஆண்களின் சிகரெட்டுக்காகவும்.

1986இல் 30 வயதில் உலைக் கூரையிலிருந்து கிராஃபைட் துண்டுகளை மண்வாரியால் தள்ளியவர்கள் இன்று 70ஐ எட்டியிருக்கிறார்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் தலைகாட்டும் வயது அதுதான், ஹிரோஷிமா எண்கள் சொல்லும் வயதும் அதுதான். 120 மில்லிசீவர்ட்டோடு நாற்பது வருடச் சிகரெட்டும் சேர்ந்த அவர்களில் ஒருவர், ஒரு நாள் வலியே இல்லாமல் சிறுநீர் சிவந்து போவதைப் பார்ப்பார். மறுநாள் தெளிந்துவிடும். தெளிந்ததும் மறந்துவிடுவார், அல்லது தொற்று என்று ஆன்டிபயாடிக் வாங்கி வருவார். ஐம்பதைத் தாண்டியவரிடம் வலியில்லாத ரத்தம் ஒரே முறை வந்தாலும், நின்றுபோனாலும், சிஸ்டோஸ்கோப்பி (கேமராக் குழாயால் பைக்குள் பார்ப்பது) வேண்டும், சிறுநீர் சைட்டாலஜியும் (சிறுநீரில் உதிர்ந்த செல்களை நுண்ணோக்கியில் பார்ப்பது) சேர்த்து. ஏனென்றால் கார்சினோமா இன் சைட்டு கட்டியாகத் துருத்திக்கொண்டு நிற்காது. சிவந்த வெல்வெட் ஒட்டுப் போலப் படர்ந்திருக்கும், சாதாரண வெள்ளை வெளிச்சத்தில் அழற்சி என்று கடந்து போய்விடலாம். சைட்டாலஜியில்தான் முதலில் பிடிபடும். பிடிபட்டால், காசநோய்த் தடுப்பூசியாகப் பழக்கமான பிசிஜி மருந்தைப் பைக்குள் வாரம் ஒருமுறை, ஆறு வாரம் செலுத்திப் பலரில் அடக்கிவிடலாம். பிடிபடாவிட்டால் அது தசைக்குள் இறங்கும், அப்போது பையையே எடுக்க வேண்டிவரும்.